தட்டிப் பார்த்தேன், கோல் விழுந்தது

இந்தக் காலத்தில் யாரும் ஒரு சாமானைத் தட்டிப் பார்த்து வாங்குவதில்லை. போனில் படத்தைப் பார்க்கிறார்கள், வாங்கிவிடுகிறார்கள். குக்கர், கட்டில் மட்டுமா, மாப்பிள்ளை பார்ப்பதுகூட அப்படித்தான் ஆகிவிட்டது. வந்து இறங்கிய பிறகுதான் விரிசல் தெரிகிறது. அப்புறம் யாரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

நான் அதிகம் படித்தவன் இல்லை. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளையிலிருந்து வரும் ப்யூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்துப் பிரிக்கிற வேலை பார்த்தேன். விரல் முட்டியால் ஒரு தட்டு. ‘ணங்’ என்றால் நல்ல கட்டை. ‘டொக்’ என்றால் உள்ளே விரிசல், தூக்கிப் போடு. வேலையை விட்ட பிறகும் கை சும்மா இருக்கவில்லை. தேங்காய், டீ கிளாஸ், பஸ்ஸின் ஜன்னல், எல்லாவற்றையும் தட்டுவேன். மதிவாணன் என் மகளைப் பெண் பார்க்க வந்தபோது அவன் முதுகிலும் தட்டினேன். பாசம் என்று நினைத்துச் சிரித்தான். எனக்கு ‘டொக்’ என்றுதான் கேட்டது. வளர்மதி அவன்தான் வேண்டும் என்றாள், கொடுத்தேன்.

பெண்ணாடம் ரோட்டில் என் வீட்டின் முன்பக்கம் ஒரு கடை அறை இருக்கிறது. அதில்தான் மருமகன் வீடியோ கேம் கடை வைத்திருக்கிறான். பெரிய டிவி, அதன் கீழே ஒரு கறுப்புப் பெட்டி, கையில் பிடித்துத் திருகுகிற ரிமோட் மாதிரி இரண்டு, பழைய சோபா, மேலே ஒரு ஃபேன். பெட்டியைக் கன்சோல் என்கிறார்கள். அதைத் துபாயிலிருந்து கொண்டுவந்து இவன் தலையில் கட்டியவன் பக்கத்துக் கடை முகம்மது ரியாஸ். “உலகத்துலயே இதுக்கு மேல ஒண்ணு கெடையாது மாமா” என்றான். நான் தட்டிப் பார்த்தேன். வெறும் பிளாஸ்டிக் சத்தம். ஒரு வருஷம் தாங்காது என்று சொல்லிவிட்டேன். பல வருஷம் ஆகிவிட்டது, இன்னும் ஓடுகிறது. அதனால் நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடாது. கெட்டுப்போவதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது ரியாஸ் ஊரோடு வந்து செல்போன் கடை போட்டிருக்கிறான். பேச்சும் மாறிவிட்டது.

“பொட்டி காலம் முடிஞ்சுபோச்சு மாமா. இனிமே எல்லாம் கையிலதான். போனு, டேபு. எவன் ஒரே எடத்துல குந்திக்கினு டிவியப் பாத்து ஆடுவான்?”

“அன்னைக்கு இதுக்கு மேல ஒலகத்துல இல்லன்னியே?”

“அன்னைக்கு இல்ல மாமா. இன்னைக்கு இருக்குது.”

இப்படிப் பேசுகிறவனை எப்படி நம்புவது?

அவன் கடைக்கு வருகிறவர்களுக்கு இலவசமாக வைஃபை விட்டான். அது சுவரைத் தாண்டி எங்கள் கடைக்குள்ளும் வருகிறதாம். ஸ்கூல் விட்டதும் பசங்கள் வரிசையாக உள்ளே வருவார்கள், சோபாவில் நெருக்கி உட்கார்வார்கள், ஃபேனை வேகமாக வைக்கச் சொல்வார்கள். பிறகு ஆளுக்கொரு போனை எடுத்து ரியாஸின் வைஃபையில் ஆடுவார்கள். கன்சோல் பக்கம் ஒருத்தனும் திரும்புவதில்லை. பந்தி முடிந்த கல்யாண வீட்டில் மைக் செட்டுக்காரன் நிற்கிற மாதிரி மதிவாணன் அதன் பக்கத்தில் நிற்பான். துரத்தவும் மாட்டான்.

“காத்துக்காவது வர்றானுவளே மாமா” என்பான்.

“காத்த வித்தா குடும்பம் பண்ணப்போற?” என்று வளர்மதி உள்ளேயிருந்து கேட்பாள்.

அவள் ஒரு முடிவு எடுத்துவிட்டாள். ஆடி மாதம் முடியட்டும், கடை தேறவில்லையென்றால் மூடிவிட்டு இரண்டு பேரும் திருப்பூர் போகிறார்கள். அங்கே பனியன் கம்பெனியில் மதிவாணனின் அண்ணன் இருக்கிறான். எனக்கு அது பிடிக்கவில்லை. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் பல்லியும்தான். பல்லி டீ போடாது.

ஒரு நாள் வளர்மதி ரியாஸின் கடை வாசலுக்கே போய்விட்டாள்.

“பாய், அந்த வைஃபைய நிறுத்துங்க. இல்லன்னா கொளஞ்சியப்பர் கோயில்ல உங்க பேர்ல பிராது கட்டிடுவேன்.”

“கட்டு தங்கச்சி. என்னான்னு எழுதுவ? சாமிக்கு வைஃபைன்னா தெரியணுமே.”

“கோயில் இருக்கற மணவாளநல்லூர்லயும் டவர் இருக்குது. சாமிக்குத் தெரியும்.”

புகாரைச் சீட்டில் எழுதிக் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டினால் சும்மா விடமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். சிரித்தாலும் ரியாஸின் முகம் கொஞ்சம் சுருங்கியது. “சரி, சாமிய எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? நாங்களே தீத்துக்கறோம்” என்றான்.

அப்படித்தான் பந்தயம் வந்தது. ஒரே கால்பந்து ஆட்டத்தைக் கன்சோலிலும் ஆடலாம், பெரிய போன் மாதிரி இருக்கிற டேபிலும் ஆடலாம், நெட் வழியாக இரண்டையும் எதிரெதிரே விடலாம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மதிவாணன் கன்சோல், ரியாஸ் டேப். மதிவாணன் ஜெயித்தால் ரியாஸ் வைஃபையைப் பூட்டிவிட வேண்டும். ரியாஸ் ஜெயித்தால் கடை அறையை அவனுக்கு விட்டுவிட வேண்டும். நடுச்சுவரை இடித்து ஒரே ஷோரூமாக்குவானாம்.

அறை என்னுடையது. சுவரும் என்னுடையது. என்னை ஒருத்தனும் கேட்கவில்லை.

ஞாயிறன்று கடையில் நிற்க இடமில்லை. ஒரு பையனும் போனை எடுக்கவில்லை. எல்லோரும் டிவியைத்தான் பார்த்தார்கள். மதிவாணன் சோபாவில் சம்மணம் போட்டு ஆடினான். அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததில்லை. ரியாஸ் டேபை மடியில் வைத்துக் கட்டைவிரலால் வழித்துக்கொண்டிருந்தான், தோசைக்கல்லைத் துடைக்கிற மாதிரி. ஒருத்தன் ஒரு கோல் போட்டால் மற்றவன் ஒன்று போட்டான். ஆட்டம் சமமாகவே முடிந்தது. அதனால் ஆளுக்கு மாற்றி மாற்றிப் பெனால்டி என்றார்கள். அதிலும் சமம். கடைசியில் மதிவாணன் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இனி ரியாஸ் அடித்துவிட்டால் கதை முடிந்தது.

ரியாஸுக்குக் கை வியர்த்துவிட்டது. பக்கத்தில் நின்ற என்னிடம் டேபை நீட்டினான்.

“மாமா, செத்தப் புடிங்க. கைய தொடச்சிக்கறேன்.”

கைலியில் கையைத் துடைக்கத் திரும்பினான். என் கையில் அந்தக் கண்ணாடி. மெல்லிசாக இருந்தது, சூடாகவும் இருந்தது. சூடான சாமானைக் கையில் கொடுத்தால் நான் என்ன செய்வேன்? வலது பக்கக் கீழ் ஓரத்தில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினேன். விரிசல் இருந்தால் ஓரத்தில்தான் இருக்கும்.

டிவியில் ஒருத்தன் ஓடிவந்து பந்தை உதைத்தான். உதைக்கிற பட்டன் அந்த ஓரத்தில்தான் இருந்ததாம். மதிவாணன் ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பந்து நேராக வலைக்குள் போயிற்று.

எல்லோரும் டிவியை விட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

“தாத்தா கோலு” என்றான் சோபா ஓரத்திலிருந்த ஒரு பையன்.

வளர்மதி கதவருகில் நின்று என்னைப் பார்த்தாள். “ஏம்ப்பா, உனக்கு நாங்க இங்க இருக்கறது புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே.”

“நான் விரிசல்தான் பாத்தேன்.”

“இப்ப இருக்குதுப்பா விரிசலு. நல்லா தெரியுது.”

ரியாஸுக்கே சங்கடமாகிவிட்டது. “இது கணக்குல சேராது மதி. நான் அடிக்கல, மாமா அடிச்சாரு.”

“டேபு அடிச்சிச்சா, இல்லியா?” என்றான் மதிவாணன். “வார்த்தை வார்த்தைதான் பாய். இந்த ரிமோட்ட புடிச்சு ஒரு பெனால்டி ஒழுங்கா அடிக்க எனக்கு ஆறு மாசம் ஆச்சு. மாமா ஒரே தட்டுல போட்டுட்டாரு. அப்புறம் பசங்க ஏன் அதுக்குப் போவமாட்டாங்க?”

அறை என்னுடையது, ஒருத்தனுக்கும் தரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் உதைத்தது என் கை. வாய் தானாக மூடிக்கொண்டது.

மறுநாள் காலையில் மதிவாணன் கன்சோலை அட்டைப்பெட்டியில் வைத்து ஷட்டரை இழுத்துவிட்டான். வளர்மதி திருப்பூருக்குத் துணி மடித்தாள். எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள், சர்க்கரை போடவில்லை. ரியாஸ் டேப்பை வைத்து என் சுவரை அளந்தான். இது வேறு டேப்பு, தையல்கடையில் அளக்க வைத்திருப்பது.

சாயங்காலம் பசங்கள் வந்தார்கள். ஷட்டரைப் பார்த்தார்கள். ரியாஸின் கடைப் படியில் உட்கார்ந்தார்கள். மேற்கே பார்த்த படி, வெயில் முகத்தில் அடித்தது. போன் திரையில் அவனவன் முகம்தான் தெரிந்ததாம். ஒருத்தன் ரியாஸின் வண்டிமேல் ஏறி உட்கார்ந்து அதைச் சாய்த்துவிட்டான். இன்னொருத்தன் உள்ளே போய்க் கண்ணாடிப் பெட்டிமேல் முழங்கையை ஊன்றினான். ரியாஸ் கத்தினான். போய்விட்டார்கள். அடுத்த நாள் பாதிப் பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் யாருமே இல்லை.

ரியாஸ் என்னிடம் வந்தான்.

“மாமா, பசங்க எங்க?”

“அவனவன் வூட்டுல.”

“வூட்டுல வைஃபை ஏது?”

“வூட்டுல அம்மா இருக்குது. ஸ்கூல் வுட்டு நேரா வந்தா போன வாங்கி பீரோவுல வச்சிடுது. எல்லாம் டியூஷன்ல குந்தியிருக்கானுவ.”

ரியாஸ் சுவரில் சாய்ந்தான். அந்தப் பசங்கள்தான் அவனிடம் ஹெட்போனும் கவரும் வாங்குகிறவர்கள். கூட்டமாக உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தன் வாங்கினால் மற்றவனும் வாங்குவான். டியூஷனில் உட்கார்ந்து எவன் கவர் வாங்குவான்?

“கடையத் தொறக்கச் சொல்லுங்க மாமா. எனக்கு ரூமு வேணாம்.”

“அத என் பொண்ணுகிட்ட சொல்லு. என்னோட பேசறதில்ல அது.”

போய்ச் சொன்னான். வளர்மதி துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“வைஃபை இருக்கட்டும் பாய். ஆனா அதத் தொறக்கற நம்பரு எங்க வூட்டுக்காரரு கையில. மொதல்ல டிவியில ஒரு ஆட்டம் ஆடறவனுக்குத்தான் நம்பரு. ஞாயித்துக்கெழமையானா நீங்க ரெண்டு பேரும் எதுத்து ஆடணும். அன்னைக்குத்தான் கடையில நிக்க எடமில்லாம இருந்திச்சு.”

“ஒவ்வொரு ஞாயிறுமா?”

“இல்லன்னா பிராது எழுதிடறேன்.”

ரியாஸ் ஒத்துக்கொண்டான். திருப்பூர்ப் பை பரண்மேல் ஏறியது. ஏறியதே தவிர, உள்ளே இருந்த துணியை அவள் இன்னும் எடுக்கவில்லை. அதை நான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூட்டம். இந்த முறை டேபை என் கையில் யாரும் கொடுக்கவில்லை. மதிவாணன் ஜெயித்தான். ஆட்டம் முடிந்த பிறகும் பேச்சு முடியவில்லை.

“பாத்தியா பாய், பெரிய டிவியில பொட்டிய வச்சு ஆடற மாதிரி வருமா?”

“இன்னும் கொஞ்ச வருஷம் மதி. இந்தப் பொட்டிய நீயே தூக்கிப் போடுவ. எல்லாம் கைக்குள்ள வந்துடும்.”

“நீங்க சொல்லுங்க மாமா” என்று இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். “எது நிக்கும்?”

“ரெண்டும் இல்ல” என்றேன். “ஒண்ணு தட்டினா வெறும் பிளாஸ்டிக் சத்தம். இன்னொண்ணு தொட்டா எவனோ ஓடியாரான். பசங்க வர்றது அந்த ஃபேனுக்கு.”

சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடை மூடிய அந்த நாட்களில் டேப் இருந்தது, வைஃபை இருந்தது, பெட்டியும் வீட்டுக்குள்தான் இருந்தது. ஓடாமல் இருந்தது அந்த ஃபேன் ஒன்றுதான்.

“அப்ப ஃபேனு நல்ல சாமான்னு ஒத்துக்கறீங்களா மாமா?” என்றான் ரியாஸ்.

மேலே பார்த்தேன். லேசாக ஆடிக்கொண்டு சுற்றியது. கையைத் தூக்கிப் பார்த்தேன், எட்டவில்லை.

“தட்டிப் பாக்காம எதையும் சொல்ல முடியாது” என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தேன். பின்னால் அடுத்த ஆட்டத்துக்குப் பசங்கள் கத்துவது கேட்டது. கத்தட்டும்.