வெளிநாட்டுப் பிடி

டிலக்சனுக்கு எதிலும் வெளிநாட்டுச் சாமான்தான் வேண்டும். பல் விளக்கும் பிரஷ்கூடக் கனடாவில் இருக்கிற மச்சான் அனுப்பினால்தான் பல் வெளுக்கும் என்று நம்புகிறவன். அந்த மச்சான் ஒருநாள் ஜப்பானில் செய்த பேஸ் கிற்றார் ஒன்றையே அனுப்பிவிட்டான். பெட்டியைத் திறந்த நாளிலிருந்து பாலாவிச் சந்தியில் டிலக்சனின் கால் தரையில் படவில்லை.

அதே சமயத்தில்தான் நிசாந்தி தன்னுடைய பாண்டுக்கு ஒரு பேஸ்காரரைத் தேடிக்கொண்டிருந்தாள். யுத்தம் முடிந்து சில வருஷங்கள். காற்றுப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் பாய்கிற வெள்ளைக்காரர்கள் ஆலங்குடாவில் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். கடற்கரை ஹோட்டல் ஒன்றில் சீசன் முழுக்க, சனி ஞாயிறு பின்னேரங்களில் பாடுவதற்கு நிசாந்தி பேசி முடித்திருந்தாள். பேஸ்காரரின் இடம் ஒன்று. கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் டிலக்சன். மற்றவன் இன்சாப், பாலாவியில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் ஜபார் பாஸின் மகன்.

தச்சனையும் மேசனையும் இந்தப் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்த ஜபார் பாஸ் செய்த கதவு இல்லாத வீடு சுற்றுவட்டாரத்தில் குறைவு. மகன் ஆசைப்பட்டான் என்று பேஸ் கிற்றாரும் ஒன்று செய்து கொடுத்திருந்தார்.

உள்ளதைச் சொன்னால், தாளத்தில் நிற்பதில் இன்சாப் ஒரு படி மேல். அது டிலக்சனுக்கும் தெரியும். அதனால்தான் அன்று அவன் விரலை விட்டுவிட்டு வாயால் வாசித்தான்.

“நிசாந்தி அக்கா, பேஸ் எண்டா நெக்தான், இந்தக் கழுத்துத்தான். மிச்சமெல்லாம் சும்மா பலகை. இடக்கை கிடக்கிறது முழுக்க நெக்கிலதானே? நெக் ஆர் செய்தவனோ, கிற்றார் அவன்ர. இதைத் தடவிப் பாருங்கோ, கை தானா வழுக்கிக்கொண்டு போகும். இனி இதைப் பாருங்கோ.” இன்சாபின் கிற்றாரை விரல் முட்டியால் தட்டினான். “கதவுக்கு நாலு கம்பி கட்டியிருக்கு. என்ர கண்ணைக் கட்டிப்போட்டுத் தாங்கோ. தொட்ட உடன சொல்லுவன், எது ஜப்பான் எது கதவெண்டு.”

அவன் கண்ணை ஒருவரும் கட்டவில்லை. கட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. வெள்ளைக்காரருக்கு முன்னால் கதவை வாசிக்க விடுவதா என்று நிசாந்திக்கு வெட்கமாகப் போய்விட்டது. இடம் டிலக்சனுக்கு. இன்சாபுக்கு சவுண்ட் பார்க்கும் வேலை. அவன் முகத்தைக் காட்டாமல் வயர்களைச் சுருட்டப் போனான்.

இரண்டு மாதம் டிலக்சனைப் பிடிக்க முடியவில்லை. பிறகு உப்பளத்துக் காற்று தன் வேலையைக் காட்டியது. அந்தக் காற்றுக்கு ஜப்பானும் தெரியாது, கனடா மச்சானையும் தெரியாது. கிற்றாரின் கழுத்து வளைந்து கம்பிகள் மேலே தூக்கிக்கொண்டன. ஒரு சுரத்தை அழுத்தினால் பக்கத்துச் சுரம் முனகியது. பாட்டின் நடுவில் நிசாந்தி இரண்டு முறை திரும்பி முறைத்தாள். மூன்றாவது முறை முறைத்தால் இடம் போய்விடும் என்பது டிலக்சனுக்குத் தெரியும்.

வளைந்தது என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. நெக், நெக் என்று ஊரெல்லாம் முழங்கியவன் அல்லவா? இன்சாப் இல்லாத நேரம் பார்த்துக் கிற்றாரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஜபார் பாஸின் பட்டறைக்குப் போனான். ஊருக்கெல்லாம் கதவு செய்கிறவருடைய சொந்தப் பட்டறைக் கதவுக்குப் பிடி இல்லை. ஒரு துண்டுக் கயிற்றை இழுத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. இவரா எனக்குக் கிற்றார் பார்க்கப் போகிறார் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

“பாஸ், இதை ஒருக்கா நிமித்தி விட்டாக் காணும்.”

ஜபார் பாஸ் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிற்றாரை நீளவாக்கில் பார்த்தார். கோடரிக்கும் பிடி, உளிக்கும் பிடி, கையால் பற்றுகிற எதுவும் அவருக்குப் பிடிதான். நெக் என்ற சொல்லுக்கு அந்தப் பட்டறையில் வேலை இல்லை.

“பிழ புடியிலதான் தம்பி. நிமித்தினா நிக்காது. புடி மாறினாத்தான் சரி வரும்.”

டிலக்சனுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. கிற்றாரைப் பிடிக்கத் தெரியாதவன் என்றல்லவா தச்சன் சொல்கிறான்!

“பிடியெல்லாம் எங்களுக்குத் தெரியும் பாஸ். நீங்க உங்கட வேலையைப் பாருங்கோ.”

“சரி தம்பி, நான் என்ட வேலயப் பாக்கிறன்” என்றார் ஜபார் பாஸ். அப்படியே பார்த்தார்.

நான்காம் நாள் அவர் கிற்றாரை வாசலில் வைத்தே கொடுத்தார். “புதுப் புடி தம்பி. ரெண்டு நாள் கையில கெடந்தாப் பழகிரும்.”

இன்னும் பிடியைப் பற்றியே பாடம் எடுக்கிறாரே என்று டிலக்சன் பல்லைக் கடித்தான். கிற்றாரின் தலை அதே தலை. பெயர் பொறித்த தகடு அதே இடத்தில். விரல் வைக்கிற கறுப்புப் பலகையும் அதே பலகை. கழுத்தின் பின்பக்கம் மட்டும் நிறம் சற்று ஏறியிருந்தது. பாலிஷ் போட்டிருக்கிறார் போல என்று நினைத்தான். அதற்கு மேல் திருப்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் முன்பக்கத்தைப் பார்க்கவே அவனுக்கு நேரம் போதவில்லை.

அந்தச் சனிக்கிழமை கிற்றார் பேசியது. கை ஓடியது, சுரம் சுத்தமாக விழுந்தது, நிசாந்தி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இனி டிலக்சனின் வாயை யார் மூடுவது?

“பாத்தீங்களே அக்கா, வெளிநாட்டு மரம் எங்கட காத்துக்குப் பழகினாப் பிறகு நிக்கிற நிலையை! உள்ளூர்க் கட்டையாலே இப்பிடி ஏலுமே?”

சவுண்ட் பெட்டிக்குப் பக்கத்தில் இன்சாப் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். பொறாமை, பாவம், என்று டிலக்சன் அவனுக்காக இரக்கப்பட்டான்.

மூன்று வாரம் போனது. ஒரு ஞாயிறு பின்னேரம், இடைவேளையில், உயரமான ஜேர்மன்காரர் ஒருவர் மேடைக்கு வந்தார். அவரும் ஊரில் பேஸ் வாசிக்கிறவராம். கிற்றாரை வாங்கி நாலு பிடி வாசித்தார். கழுத்தைத் தடவினார், மறுபடி தடவினார். இப்படி ஒரு நெக்கைத் தன் கை கண்டதில்லை என்றார். டிலக்சன் தன் ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, ஜப்பான், ஒரிஜினல், கனடாவிலிருந்து வந்தது என்று விளக்கினான். நிசாந்தியைப் பார்த்து ஒரு கண் சிமிட்டலும் போட்டான்.

ஜேர்மன்காரர் கிற்றாரைத் திருப்பினார். கழுத்து உடம்போடு சேருகிற அடியில், சூட்டுக்கோல் வைத்த மாதிரி சின்ன ஆங்கில எழுத்துகள். அவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வாசித்தார்.

“ஜபார் பேஸ்.”

டிலக்சனின் சிரிப்பு பாதியில் நின்றது.

ஓ, இந்தக் கம்பனியா, என்று ஜேர்மன்காரருக்கு ஒரே சந்தோஷம். தன்னுடைய அறையில் குளியலறைக் கதவின் கீழ் விளிம்பிலும் இதே பெயர் இருக்கிறதாம். தொட்டியில் வழுக்கி விழுந்த அன்று தரையில் கிடந்தபடி வாசித்தாராம். கதவும் செய்து கிற்றாரும் செய்கிற கம்பனி என்றால் பெரிய கம்பனியாகத்தான் இருக்க வேண்டும், தலைமைக் காரியாலயம் டோக்கியோவிலா என்று கேட்டார்.

இன்சாப் அடக்க மாட்டாமல் வெடித்துச் சிரித்துவிட்டான். “பாலாவியில சேர்! எங்கட வாப்பா!”

ஹோட்டல்காரர்கள் கதவு மாறிப்போகாமல் இருக்கப் பெயர் போடச் சொன்னதால் ஜபார் பாஸ் ஆங்கிலத்தில் ஒரு சூட்டு முத்திரை செய்து வைத்திருந்தார். அதில் பாஸ் என்று வெட்டிய ஆங்கில எழுத்துகளைப் பேஸ் என்றும் வாசிக்கலாம். தான் செய்த சாமான் கையை விட்டுப் போகுமுன் அதன் அடியில் ஒரு சூடு வைப்பது அவருடைய வழக்கம். கதவென்றாலும் சரி, பிடியென்றாலும் சரி.

“அண்ணே, வாப்பா ஒங்கள்ட்ட சொன்னாரே, புடி மாத்தணும் எண்டு?” என்றான் இன்சாப். “நீங்கதானே வேலயப் பாருங்க எண்டீங்க. தலையையும் கறுப்புப் பலகையையும் கழட்டி வாப்பா புதுப் புடியில ஒட்டினாரு, தேய்ச்சுக் குடுத்தது நான்தான்.”

டிலக்சனுக்கு அப்போதுதான் அந்தப் பிடி என்ன பிடி என்று விளங்கியது. காது மடல் வரைக்கும் சுட்டது. நிசாந்தி கிற்றாரை வாங்கி அந்தச் சூட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

“நெக் ஆர் செய்தவனோ கிற்றார் அவன்ர எண்டு நீர்தானே சொன்னீர், டிலக்சன்?”

“அக்கா, அது... அந்தாள் ஏமாத்திப்போட்டுது. என்ர பழைய நெக்கைத் திருப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு வாறன். அப்ப கேளுங்கோ, வித்தியாசம் தெரியும்.”

“ஓம், போட்டுக்கொண்டு வாரும். அதுவரைக்கும் இன்சாப் தன்ர கதவை வாசிக்கட்டும்.”

விடிந்ததும் விடியாததுமாக டிலக்சன் பாலாவிக்குப் பாய்ந்தான். வலக்கையில் கிற்றார். இடக்கையால் பட்டறைக் கதவைப் பற்றி, சுவர் அதிர இழுத்துத் திறந்தான்.

“எங்க பாஸ் என்ர நெக்? என்ர ஜப்பான் நெக்கை எனக்கு இப்ப தரவேணும்!”

ஜபார் பாஸ் சீவுளியை நிறுத்தி நிமிர்ந்தார்.

“அந்தப் பழைய புடியா? வளஞ்சது ஒண்டுக்கும் ஆகாதெண்டு எறியத்தான் பாத்தன். பொறகு பாத்தா, அந்த வளைவு ஒரு வேலைக்கு நல்லாத் தோதா இருந்திச்சி.” அவர் டிலக்சனுக்குப் பின்னால் இன்னும் ஆடிக்கொண்டிருந்த கதவைப் பார்த்தார். “இப்ப எதப் புடிச்சி இழுத்துக்கிட்டு தம்பி உள்ள வந்தீங்க?”