கொல்லைச் சுவர்க் கல்

பண்ணைக் காரியஸ்தர் இராஜாங்கம் ஒரு போலீஸ் ஏட்டையும் கடப்பாரையோடு ஒரு கூலியாளையும் கூட்டிக்கொண்டு தங்கையன் வாசலில் வந்து நின்றபோது, நான் எதிரே என் கடையில் வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஓடாமல் எப்படி இருப்பது?

எங்கள் ஊர்ப் பண்ணையார் கல்யாணத்தின் பாட்டன், கொள்ளைக்குப் பயந்து, வல்லத்துச் செம்புறாங்கல்லை வண்டி வண்டியாக இறக்கிக் களத்துவீட்டைச் சுற்றிக் கோட்டை மாதிரிச் சுவர் எழுப்பினாராம். துப்பாக்கி நீட்ட ஓட்டைகூட உண்டு. எங்கள் வண்டலில் எவ்வளவு தோண்டினாலும் அடுப்புக்கு வைக்கக் கல் கிடைக்காது. அந்தக் கொல்லைச் சுவர் போன மழையில் சரிந்து வாய்க்காலை அடைத்தது. "அள்ளி எங்கயாவது போடுங்கடா" என்றது பண்ணையார்தான். பண்ணையாள் தங்கையன் அள்ளித் தன் மண்சுவருக்கு அடியில் கொடுத்தான். பண்ணை இடத்தில் குடியிருக்கும் மனை அவனுக்கே என்று சட்டம் வந்ததும் அத்தனையும் திருட்டுக் கல்லாகிவிட்டது.

இராஜாங்கம் போன தேர்தல்வரை கதர். இப்போது கரை வேட்டி. மேடையில் ஏழைக்கு, இறங்கினால் பண்ணைக்கு.

"அடையாளம் பாருங்க ஏட்டய்யா," என்று குனிந்து காட்டினார். கல்லில் அரிவாள் தீட்டித் தீட்டி விழுந்த பள்ளம். "எங்க கொல்லைச் சுவர்ல மட்டுந்தான் இது உண்டு."

"உருவினா சுவரு நிக்காதுங்க," என்றான் தங்கையன். "ஐப்பசி பொறந்தாச்சு. இப்பத்தான் எங்க வூடுன்னு ஆச்சு."

"சட்டம் மனைக்குத்தான்டா. கல்லுக்கு இல்ல."

நான் குறுக்கே புகுந்தேன். "ஏன் தம்பி, உங்க பண்ணையார் என்னைக்கு அரிவாள் தீட்டினாரு?"

ஏட்டு மீசையைத் தடவுவதுபோல் வாயை மறைத்துக்கொண்டார்.

"சைத்தூனக்கா, போய்க் கடையைப் பாருங்க," என்றார் இராஜாங்கம்.

"அங்க என்ன இருக்கு பாக்க? கூத்து இங்கல்லவா நடக்குது."

தங்கையன் பெண்சாதி தைலம்மை விடுவிடுவென்று உள்ளே போனாள். அரிவாளும் தண்ணீர்ச் செம்புமாகத் திரும்பி வந்தாள். ஏட்டு ஒரு அடி பின்வாங்கினார். அவள் கல்லருகே குந்தி, செம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் வார்த்து, பள்ளத்தில் அரிவாளை வைத்து இழுத்தாள். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. கர்ர்ரக்... கர்ர்ரக்...

"ம், குத்துடா," என்றார் இராஜாங்கம்.

கூலியாள் கடப்பாரையைத் தூக்கவில்லை, இறக்கவும் இல்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். கல் கரைந்த சிவப்புத் தண்ணீர் பள்ளம் வழிந்து, மண்ணில் கோடிழுத்து, அந்தக் கரை வேட்டி நுனியை நோக்கி மெள்ள நகர்ந்தது.