வால்நட் மரத்து நீலக் கோடு

அழிக்கச் சொன்னது பதினோரு அடையாளங்களை. செனேக் அழித்தது பத்து.

மறந்துவிட்டார் என்று சொல்லி அவரைக் காப்பாற்ற வழியில்லை. அந்தக் குன்றுகளில் இருபத்திரண்டு வருஷம் பெயிண்ட் டப்பாவோடு அலைந்த மனிதர். எந்த மரத்தில், எந்தப் பக்கம், எத்தனை அடி உயரத்தில் அடையாளம் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தெரிந்தேதான் விட்டார்.

மலையில் நடப்பவர்களுக்கு வழி அடையாளம் பூசி வைக்கும் நடைபாதைச் சங்கத்தில் இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பாதையையும் முழுக்க நடக்க வேண்டும். மரப்பட்டையைச் சுரண்டி, மேலே ஒரு வெள்ளைக் கோடு, கீழே ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் பாதையின் நிறம் என்று பூசிக்கொண்டே போக வேண்டும். அடையாளத்தை மறைக்கும் கிளை எதுவானாலும் வெட்டிவிட வேண்டும். தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும். செனேக்குக்கு அந்த இரண்டாவது ஆள் அவர் மனைவி மிலுஷே. அவளுக்கு இடதுகைப் பழக்கம். எவ்வளவு சொல்லியும் அவள் போடும் கீழ்க்கோடு ஒரு பக்கம் சரிந்தே நிற்கும். டிராக்டர் பழுது பார்த்தே காலம் கழித்த செனேக்குக்கு அரை அங்குலச் சரிவுகூடக் கண்ணை உறுத்தும். சொல்லிச் சொல்லி அவளை வறுத்தெடுப்பார். "நடக்கறவங்களுக்கு வழி வேணுமா, ஸ்கேல் வேணுமா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுத்த மரத்துக்குப் போய்விடுவாள்.

நீலப் பாதையில், பழைய சுண்ணாம்புக்கல் குவாரிக்குச் சற்று முன்னால், திராட்சைத் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு வால்நட் மரம். அவள் கடைசியாகப் பூசியது அதில்தான். அது செப்டம்பர் மாதம். மூச்சு வாங்கி, மரத்தடியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். செனேக் பிரஷ்ஷைக் கேட்டதற்குக் கொடுக்கவில்லை. எழுந்து, ஒரு கையை மரத்தில் ஊன்றிக்கொண்டு மூன்று கோடுகளையும் போட்டாள். கீழ்க்கோடு வழக்கத்தைவிட அதிகமாகவே சரிந்தது. அன்றைக்கு மட்டும் செனேக் வாயைத் திறக்கவில்லை. பிப்ரவரியில் அவளைப் புதைத்தார்கள்.

மார்ச்சில் பனி உருகியபோது குவாரியின் மேல் விளிம்பு ஒரு வீட்டு அகலத்துக்குப் பெயர்ந்து கீழே விழுந்தது. பாதை போனது அந்த விளிம்பின் மேலேதான். சங்கம் கூடி முடிவெடுத்தது: இனி நீலப் பாதை வால்நட் மரத்தடியில் வலது பக்கம் திரும்பி, திராட்சை வரிசைகளுக்கு நடுவே இறங்கும். இடது பக்கத்துப் பழைய அடையாளங்கள் எல்லாவற்றையும் சாம்பல் நிறப் பெயிண்டால் மூடிவிட வேண்டும். வால்நட் மரத்தில் இருப்பதையும் சேர்த்துப் பதினொன்று.

மே மாதம் செனேக்கோடு புரோகோப் போனார். சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்குத் தலைவர் அவர்தான். முன்பு கசாப்புக்கடை வைத்திருந்தவர், நூற்றுப்பத்து கிலோ, இரண்டு முட்டியும் போய்விட்டன. அடிவாரத்தில் ஒயின் நிலவறை வாசலில் பெஞ்சைப் பார்த்ததும் அவருடைய நடை அங்கேயே நின்றது. செனேக் மட்டும் மேலே போனார். விளிம்பிலிருந்த பத்தையும் மூடினார். திரும்பி வால்நட் மரத்துக்கு வந்தார். டப்பாவைத் திறந்தார். பிரஷ்ஷை நனைத்தார். கை போகவில்லை.

அவள் கையெழுத்துப் போட்ட காகிதங்கள் வீட்டில் ஏராளம். ஆனால் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, பிடிவாதமாக எழுந்து நின்று போட்டது இது ஒன்றுதான். இதையும் என் கையாலேயே மூட வேண்டுமா என்று நினைத்தார். மரத்தின் அடியிலிருந்து நாலைந்து இளங்கிளைகள் தழைத்து எழும்பியிருந்தன. எப்போதும் வெட்டியெறிகிறவர், அன்றைக்கு அவற்றை வளைத்து, திராட்சைக் கொடி கட்டும் கயிற்றால் தண்டோடு சேர்த்துக் கட்டினார். அகன்ற இலைகள் மூன்று கோடுகளையும் முழுதாக மறைத்தன. அவரே நாலு அடி தள்ளி நின்று பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

கீழே வந்ததும், பதினொன்றும் ஆச்சா என்று புரோகோப் கேட்டார். ஆச்சு என்றார் செனேக். இருவரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

இருபத்திரண்டு வருஷமாக இலைகளை வெட்டியே பழகிய மனிதருக்கு இலைகள் எப்போது உதிரும் என்பது தெரியாதா? நன்றாகத் தெரியும். வால்நட் மரம் மற்ற மரங்களைப்போல ஒரு மாதம் இழுத்தடிக்காது. முதல் உறைபனி விழுந்த காலையிலேயே அத்தனை இலையையும் ஒரேயடியாகக் கொட்டிவிடும். தெரிந்திருந்தும் நினைக்கவில்லை. துக்கம் மனிதனை முட்டாளாக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

முதல் உறைபனி அக்டோபர் பதினேழாம் தேதி விழுந்தது. அன்று காலை பிர்னோ நகரத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் நீலப் பாதையில் ஏறி வந்தார்கள். பத்தடி தள்ளி இருப்பது தெரியாத மூடுபனி. வலது பக்கத்துப் புதிய அடையாளம் தோட்டத்தின் சிமெண்டுக் கம்பத்தில் இருந்தது. பனியில் அது தெரியவில்லை. மொட்டையாக நின்ற வால்நட் மரத்தின் இடது பக்கத்தில் நீலக் கோடு பளிச்சென்று தெரிந்தது. இடது பக்கம் போனார்கள். கணவர் முன்னால் போனார். குவாரியின் ஆழம் முப்பது மீட்டர்.

செய்தி மதியத்துக்குள் ஊருக்கு வந்துவிட்டது. மீட்புப் படையினர் கீழே குவாரி வழியாகவே வந்து உடலை எடுத்துக்கொண்டு போனார்கள். பனி விலகாததால் மேலே மறுநாள் பார்க்கிறோம் என்று போலீஸ் சொல்லிவிட்டது. மறுநாள் பொழுது புலரும்போதே செனேக் மலை ஏறிவிட்டார். கயிற்றை அறுத்தார், கிளைகளை வெட்டினார், மூன்று கோடுகளின் மேலும் சாம்பல் பெயிண்டை இரண்டு தடவை பூசி, மண்ணை எடுத்து அப்பினார். மே மாதம் வராத துணிச்சல் அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று அவரால் பிறகு சொல்ல முடியவில்லை. பயம்தான், வேறென்ன.

வால்நட் மரத்தில் நீலக் கோட்டைப் பார்த்ததாக இறந்தவரின் மனைவி சொல்லியிருந்தாள். மரத்தில் எதுவும் இல்லை என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. சங்கத்தின் படிவத்தில் இரண்டு கையெழுத்து இருந்தது. ஊர்க்காரர்கள் கூடிக் குடிக்கும் நிலவறைகளில் பேச்சு ஒரே மாதிரி போனது: நகரத்து ஆட்கள், பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு வந்திருப்பார்கள், அந்த அம்மா இப்போது பழியை நம் ஊர் மேல் போடுகிறாள். அதை எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர் புரோகோப். தன் கையெழுத்தை அவ்வளவு நம்பினார். செனேக் கண்ணாடிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளில் மிலுஷேயின் கல்லறைக்குப் போய் விளக்கை ஏற்றிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினார். வழக்கமாக ஊர்க்கதை எல்லாம் சொல்லிவிட்டு வருகிறவர்.

நவம்பர் முதல் வாரம் அந்த அம்மாளிடமிருந்து சங்கத்துக்குக் கடிதம் வந்தது. பெயர் இவெத்தா. மரத்தைத் தன் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும், யாராவது கூட வர முடியுமா என்று கேட்டிருந்தாள். புரோகோப் செனேக்குக்கு போன் போட்டார்.

"நீயே கூட்டிட்டுப் போடா. மரத்தைக் காட்டு. ஒண்ணுமில்லைன்னு பாத்தா மனசு அடங்கிரும். அதுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

முடியாது என்று சொல்ல ஒரு காரணம் தேடினார் செனேக். கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஐம்பத்தெட்டு வயது இருக்கும், குட்டையான உருவம், நடந்து நடந்து தேய்ந்த நல்ல பூட்ஸ். முதுகுப்பையில் சிவப்புக் கண்ணாடிக்குள் வைத்த மெழுகுவர்த்தி ஒன்று இருந்தது. வானம் ஈரச் சாக்கைப்போலத் தொங்கியது. அறுவடை முடிந்த தோட்டங்களில் பறிக்காமல் விட்ட கறுத்த கொத்துகளைப் பறவைகள் கொத்திக்கொண்டிருந்தன. அவள் பின்னால் வந்துகொண்டே பேசினாள். அவளுக்குப் பேச ஆள் இல்லை என்று தெரிந்தது. தான் ஒரு பல் மருத்துவரிடம் வேலை செய்வதாகச் சொன்னாள். கணவர் ராதிமுக்குக் கிட்டப்பார்வை என்றும், முப்பது வருஷமாக நடைப்பயணங்களில் அடையாளம் கண்டுபிடிப்பது தன் வேலை என்றும், அதில் தனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு என்றும் சொன்னாள். செனேக் "ம்" கொட்டிக்கொண்டே ஏறினார்.

வால்நட் மரம் வந்தது. அதற்கப்பால் இடது பக்கம் போலீஸ் கட்டிய நாடா தொய்ந்து கிடந்தது.

அவள் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். மறுபடியும் சுற்றினாள். கையுறையைக் கழற்றி, இடது பக்கத்துப் பட்டையை மேலிருந்து கீழாகத் தடவினாள்.

"இங்கதான் இருந்துச்சு," என்றாள். "என் கண்ணுக்கு நேரா. இடது பக்கம் போ ராதிம், நீலம் தெரியுதுன்னு நான்தான் சொன்னேன்."

செனேக் தரையைப் பார்த்தார்.

"கீழ இருந்த வெள்ளைக் கோடு சாய்ஞ்சிருந்துச்சுங்க. குடிகாரன் போட்ட மாதிரி இருக்குன்னு சொன்னேன். அவர் சிரிச்சார். கடைசியா சிரிச்சது அதுக்குத்தான்."

மிலுஷேயின் கோட்டைப் பற்றி, அது சரிந்திருந்ததைப் பற்றி, செனேக்கைத் தவிர இந்த உலகத்தில் பேசக்கூடிய ஒரே ஆள் இவள்தான். ஒரு கணம் அவருக்கு இவளைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. மறுகணம் அந்த நினைப்புக்காக வெட்கப்பட்டார்.

அவள் மரத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பேசியது தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல இருந்தது. டாக்டரும் சொன்னார், மகனும் சொன்னான், அதிர்ச்சியில் மனசு எதையாவது கற்பனை செய்துவிடுமாம். இல்லாத ஒன்றை இத்தனை தெளிவாகப் பார்த்திருக்கிறேன் என்றால் அவர்கள் சொல்வது சரிதான்.

"அப்ப நான்தாங்க அவரை அனுப்பினேன்," என்றாள். அழவில்லை. கணக்கு டீச்சர் விடையைச் சொல்வதுபோலச் சொன்னாள். மெழுகுவர்த்தியை வெளியே எடுத்து, மரத்தடியில் வைக்கக் குனிந்தாள்.

செனேக் தோள்பையைத் திறந்தார். சுரண்டியை எடுத்தார். "கொஞ்சம் தள்ளுங்கம்மா," என்றார்.

முதல் இழுப்பில் காய்ந்த மண் உதிர்ந்தது. இரண்டாவதில் சாம்பல் பெயிண்ட் சுருளாக வந்தது. மெதுவாகத்தான் இழுத்தார், ஆனால் இரண்டு தடவை பூசியது அவரேதான், கெட்டியாகப் பிடித்திருந்தது. சாம்பலோடு நீலமும் கொத்தாகப் பெயர்ந்து காலடியில் விழுந்தது. மேல்கோடு முழுக்கப் போய்விட்டது. நீலம் பாதிதான் மிஞ்சியது. கீழ்க்கோட்டில் ஒரு விரல் நீளம் மட்டும், நன்றாகச் சரிந்தபடி, வெள்ளையாகத் தெரிந்தது. அதோடு நிறுத்தினார்.

"நீங்க பாத்தது நிஜம்," என்றார். "நான் அழிக்காம விட்டேன். அவர் விழுந்ததுக்கு மறுநாள் காலைல வந்து அழிச்சேன். போலீசுக்கு முந்தி."

அவள் அந்த வெள்ளைத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏன் என்று கேட்டாள்.

அவர் சொன்னார். மிலுஷேயின் பெயரை, இடதுகையை, செப்டம்பரை, கயிற்றால் கட்டிய கிளைகளை, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று அவருக்கே உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"மூணு வாரம்," என்றாள். "மூணு வாரமா நான் தூங்கல. நீங்க பேசாம இருந்தீங்க. இன்னைக்கும் பேசாமத்தான் கூட்டிட்டு வந்தீங்க."

"ஆமா."

"நான் கோட்டைப் பத்திச் சொல்லலைன்னா?"

செனேக் சுரண்டியில் ஒட்டியிருந்த சாம்பல் பெயிண்டை விரலால் வழித்தார்.

அவள் போனை எடுத்து மரத்தைப் படம் பிடித்தாள். கிட்டே ஒன்று, தள்ளி ஒன்று, காலடியில் கிடந்த நீலச் சில்லுகளை ஒன்று. அவரையும் சுரண்டியோடு ஒன்று. அவர் நகராமல் நின்று கொடுத்தார். இன்றைக்கே போலீஸுக்குப் போவேன் என்று சொன்னாள். போங்கள், நானும் வருகிறேன் என்றார். புரோகோப்புக்கு ஒன்றும் தெரியாது, என் வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மெழுகுவர்த்தியை அவள் அங்கே ஏற்றவில்லை. திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மலையில் மறுபடியும் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. திராட்சை வரிசைகளின் கீழ்ப்பாதி ஏற்கெனவே மறைந்துவிட்டது. சிமெண்டுக் கம்பத்திலிருந்த புதிய நீலக் கோடு இங்கிருந்து தெரியவில்லை. பழக்கத்தில் செனேக் வலது பக்கம் திரும்பி, இரண்டு அடி முன்னால் வைத்து, இப்படி வாருங்கள் அம்மா என்றார்.

அவள் அசையவில்லை.

"நீங்க போங்க," என்றாள். "உங்க பின்னாடி நான் வர மாட்டேன்."

பனிக்குள் கம்பத்தைத் தானே தேடிக்கொண்டு, ஒவ்வொரு அடியாகத் தரையைத் தட்டிப் பார்த்து, அவள் இறங்கினாள். செனேக் வால்நட் மரத்தடியிலேயே நின்றார், அவளுடைய பூட்ஸ் சத்தம் கீழே சாலையைத் தொடும்வரை.