இருக்கிறது இருக்கிறபடி

நகராட்சி வாடகைக்குத் தரும் கவுன்சில் வீட்டை இன்னொருவரோடு மாற்றிக்கொள்கிறவர்கள் உண்மைக் காரணத்தைச் சொல்வதில்லை. சுவரில் ஈரம் ஏறும் வீட்டுக்காரர், மகள் பக்கத்தில் இருக்க ஆசை என்பார். மேல்வீட்டுக் குடிகாரனால் தூக்கம் போனவர், கடைக்கு நடக்க முடியவில்லை என்பார். தானும் பொய் சொல்லத்தான் போகிறோம் என்பதால் எதிராளியின் பொய்யை யாரும் தோண்டுவதில்லை.

மாக்ஸீன் முழங்கால் வலி என்றாள். நெவில், பேரன் வந்தால் படுக்க ஓர் அறை வேண்டும் என்றார்.

மாக்ஸீனுடையது ஹல் நகரின் கிழக்கே ஓர் அடுக்ககத்தில் ஒன்பதாவது மாடி. இரண்டு படுக்கையறை. நெவிலுடையது ஆற்றுக்கு மேற்கே, தரைத்தளத்தில், ஒற்றை அறை. அவர் வந்து பார்த்த அன்று லிப்ட் ஓடியது. எழுபதைத் தாண்டியவர், ஜன்னலோரம் நின்று தூரத்தில் பழுப்பாகக் கிடந்த ஆற்றுமுகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எதையெல்லாம் விட்டுட்டுப் போறீங்கம்மா?"

"கார்பெட், திரைச்சீலை, அடுப்பு. உள் ரூம் கட்டிலும் இருக்கட்டும். இருக்கிறது இருக்கிறபடி."

"சத்தம் கித்தம் உண்டா?"

"மூச்சு விட்டாக்கூடக் கேக்கும். அவ்வளவு அமைதி. உங்க வீடு?"

"அதுவும் அமைதிதான்" என்றார் நெவில், ஜன்னலை விட்டுத் திரும்பாமல்.

உள் அறை மாக்ஸீனின் மகன் ஷேனுடையது. மீன் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது லாரி அடித்துச் செத்தான். இருபத்திநாலு வயது. அதன்பிறகு கவுன்சில் கணக்கில் அந்த அறை காலி. தனி ஆளுக்கு ஓர் அறை போதும், மற்றது கூடுதல் என்று வாடகை உதவியைக் குறைத்தார்கள்.

ஆனால் அறை காலியாக இல்லை. மதியம் இரண்டு மணிக்குப் பூட்டில் சாவி திரும்பும். ஒரு பூட்ஸ் தரையில் விழும், பிறகு மற்றது. நடைவழியில் மீன் வாடை வரும். அவள் அடுப்படியிலிருந்து, "டீ போடவா?" என்பாள். பதில் வராது. அறைக்கதவு சாத்திக்கொள்ளும். அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. பயமா என்று கேட்டால், மீட்டருக்குக் காசில்லாமல் கேஸ் அடுப்பு நின்றுவிடுமோ என்ற பயம்தான் அவளுக்குப் பெரிது.

தங்கை கரோலிடம் மட்டும் ஒருமுறை சொன்னாள்.

"நீ முதல்ல அந்த வீட்டை விட்டு வாடி. இல்லேன்னா அடுத்தது உன்னைத்தான் தூக்கிட்டுப் போகணும்" என்றாள் கரோல். "அதுவும் லிப்ட் இல்லாத நாளா பாத்துப் போய்ச் சேருவ."

கையில் காசும் இல்லை. மாக்ஸீன் சம்மதித்தாள். அவள் மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது: பிள்ளை அம்மாவைத் தேடித்தானே வருகிறான், அம்மா இருக்கும் இடத்துக்கு வருவான். அந்தக் கணக்கில் எங்கேயோ பிசகு என்று தெரிய அவளுக்குப் புது வீட்டில் ஒரு மதியம் ஆனது.

இரண்டு மணிக்குக் கெட்டிலைப் போட்டுவிட்டு நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தெருவில் குழந்தைகள் கத்தினார்கள். சாவி திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் அவள் கெட்டிலைப் போடவில்லை.

அந்த வீட்டில் வந்தது வேறு. காலை வெளிச்சம் படுக்கையறைக்குள் வரும்போது கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டுகிற சத்தம். மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று. அவளுடைய கட்டில் மரக்கட்டில். பக்கத்து வீட்டுச் சுவரில் காதை வைத்தாள். அங்கே யாரும் குடியில்லை என்று தபால்காரன் சொன்னான். தட்டுவது யாரானாலும் பொறுமை இல்லாத ஆள். பதில் வராவிட்டால் வேகம் கூடும். மாக்ஸீன் கோட்டை மாட்டிக்கொண்டு கடைவாசலில் போய் நின்றுகொள்வாள்.

அப்படி நின்ற ஒரு நாள்தான் பழைய வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

நெவில் கதவைத் திறந்தார். சவரம் செய்திருந்தார். ஆள் கொஞ்சம் சதை போட்டிருந்தார். சமையலறை மேசையில் சிப்ஸ் பொட்டலம் பிரித்திருந்தது, மிளகாய் உப்பு சிவக்கத் தூவி. தட்டு இரண்டு.

"யாராவது வர்றாங்களா?" என்றாள்.

"உக்காரும்மா."

அவள் உட்காரவில்லை. "எனக்கு வீடு திரும்ப வேணும். நீங்க சரின்னா போதும், மறுபடி மாத்திக்கலாம். கவுன்சில்ல நானே பேசிக்கிறேன். வேன் வாடகையும் நான்."

"முழங்கால் சரியாயிடுச்சா?"

"கிண்டல் வேண்டாம் நெவில்."

"பையன் பேரு ஷேன்தானே?" என்றார்.

மாக்ஸீன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லியிருக்கலாம்ல. முதல் நாள் பூட்ஸ் விழுந்தப்போ எனக்கு நெஞ்சே நின்னுடுச்சு. திருடன்னு நினைச்சு வாணலியைத் தூக்கிட்டு ஓடினேன்."

"நீங்க மட்டும் சொன்னீங்களா? உங்க வீட்டுல கரண்டி தட்டுறது யாரு?"

அவர் முகம் சட்டென்று வற்றியது. கையிலிருந்த சிப்ஸைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"ஐரிஸ். என் சம்சாரம். இன்னமும் தட்டுறாளா?"

"தினமும்."

"படுத்த படுக்கையா வருஷக்கணக்குல கிடந்தா. டீ வேணும்னாலும் தட்டுவா, தலகாணி சரிஞ்சாலும் தட்டுவா. புதைச்சிட்டு வந்த மறுநாள் காலையில தட்டினா. நானும் எழுந்து போய் டீ போட்டேன். ரெண்டு வருஷம் போட்டேன்மா." குரல் இறங்கியது. "என்னைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினாலும் அங்க திரும்ப மாட்டேன்."

"அவன் என் பிள்ளை."

"தெரியும். நான் இல்லேன்னு சொல்லலை. வீடு தரமாட்டேன்னுதான் சொல்றேன்."

அவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். கிழட்டுத் திருடன் என்றாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். திட்டு முடிவதற்குள் பூட்டில் சாவி திரும்பியது.

பூட்ஸ் விழுந்தது. மற்றதும் விழுந்தது. மீன் வாடை வந்தது. ஆனால் அறைக்கதவு சாத்தவில்லை. காலடி சமையலறைக்கு வந்தது. நெவிலுக்கு எதிரே இருந்த நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"வாடா" என்றார் நெவில். "நேத்து ரக்பில உங்க கிழக்குப் பக்கத்து ஆளுங்க ஆடினதைப் பாத்தேன். பந்தைக் கையில குடுத்தாலும் கீழ போடுறானுங்க. மீனு வெட்டின கை, வழுக்குது போல."

சிரிப்புச் சத்தம் கேட்டது. ஷேனின் சிரிப்பு, மூக்கால் தொடங்கித் தொண்டையில் முடிகிற சிரிப்பு. பிறகு அவன் குரல்: "ஆத்துக்கு அந்தப் பக்கத்துக்காரனுக்கு வாய்தான் நீளம். ஆட்டம் எங்க?"

தன்னோடு இருந்த காலத்தில் அவன் ஒரு சொல் பேசியதில்லை. டீ போடவா என்பதைத் தவிர அவளும் ஒன்றும் கேட்டதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

"ஷேன்" என்றாள். "ஷேன், இங்க பாருடா."

நாற்காலி அசையவில்லை. சிப்ஸ் தட்டு லேசாக இழுபட்டது. ஜன்னலில் அடிக்கும் காற்றின் அளவுக்குக்கூட அவனுக்கு அவள் அங்கே இல்லை. இது இப்போது நெவிலின் வீடு.

"அம்மா வந்துட்டாங்களா?" என்றது ஷேனின் குரல்.

நெவில் அவளைப் பார்த்தார். தணிந்த குரலில், "தினம் இதைத்தான் கேக்குறான்" என்றார். "வேலைக்குப் போயிருக்காங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். உன் புது அட்ரஸ் சொல்லவா? வேணுமா வேண்டாமான்னு நீயே சொல்லு. நான் மறைக்க மாட்டேன்."

மாக்ஸீனின் வாய் திறந்தது. தெருப்பெயர், வீட்டு எண், பஸ் எண் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன.

"வந்து சேருவானா?" என்றாள்.

"எனக்கென்ன தெரியும்? தொழிற்சாலையிலிருந்து இந்தக் கதவு, இது ஒண்ணுதான் அவனுக்குத் தெரிஞ்ச வழி. அதுலயே பாதியில போனவன். கிளம்பினா உன்கிட்டயும் வரலாம். எங்கயும் சேராமலும் போகலாம். வழி மாறிட்டா இங்க திரும்பவும் அவனுக்குத் தெரியாது."

"என்ன, தனியாப் பேசிட்டிருக்கீங்க? அம்மா எங்க?" என்றான் ஷேன்.

மாக்ஸீன் எதிர் நாற்காலியைப் பார்த்தாள். அங்கே வெயில் மட்டும் விழுந்திருந்தது. கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாக, கழுத்துவரை போட்டாள்.

"வேலைக்குப் போயிருக்கேன்னு சொல்லுங்க."

"வேலைக்குப் போயிருக்காங்கப்பா" என்றார் நெவில்.

"சரி. அவங்களுக்குக் கொஞ்சம் எடுத்து வைங்க."

நெவில் எழுந்து ஒரு சின்னத் தட்டில் சிப்ஸை எடுத்து வைத்து மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்தார். கதவுவரை அவளுடன் வந்தார்.

"நாளைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்லணுமா?"

"ஆமா" என்றாள் மாக்ஸீன். "ஓவர்டைம்னு சொல்லுங்க."

லிப்ட் ஓடவில்லை. படிக்கட்டில் இறங்கினாள்.