பல்கீஸின் அடைக்கோழி

கழிமுகத்துப் பக்கம் துவக்கு வெடிக்கும் சத்தம் கேட்டபோது றஊப் குசினி மூலையில் குந்தியிருந்து தவிடு பிசைந்துகொண்டிருந்தான். அடைக்கோழி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி முட்டைகளின் மேல் அமுங்கியது. பழைய சட்டி, அதற்குள் வைக்கோல், இடி முழக்கத்தில் முட்டை கூழாகிவிடாமல் இருக்க ஓர் ஆணியும் கரித்துண்டும். எல்லாம் மனைவி பல்கீஸ் செய்யப் பார்த்துப் பழகியவை. அவள் வளர்த்தவற்றில் மிஞ்சியது இது ஒன்றுதான். முற்றத்தில் மேய்ந்தவை முகம் வீங்கி, கொண்டை நீலம் பாய்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. பல்கீஸின் உம்மா, மாமிதான் குழி தோண்டிப் புதைத்தா. மூதூரில் துறையடி வளவுகளில் இப்போது ஒரு சேவலும் கூவுவதில்லை.

இது மட்டும் ஏன் சாகவில்லை? விலங்கியல் படித்துவிட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கராக இருக்கிறவனுக்கு விடை கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. பல்கீஸ் இறந்துபோன பிறகு இந்தக் குசினிக்குள் அவனைத் தவிர யாரும் கால் வைப்பதில்லை. மகளின் அடுப்பைப் பார்க்க மாமிக்குத் தைரியமில்லை. கதவும் சாத்தியே இருக்கும். வாசல் சாடித் தண்ணீரில் கால் கை கழுவாமல் உள்ளே வரக்கூடாது என்பது பல்கீஸின் சட்டம். அவள் போன பிறகும் அவன் கழுவிக்கொண்டுதான் இருந்தான், ஏனென்று யோசியாமல். வானத்தால் வந்த நோய் என்றால் ஒரு கதவு அதைத் தடுத்திருக்காது.

ஆனால் வானத்தால்தான் வந்தது என்று ஜீப்பில் வந்த மிருக வைத்திய அதிகாரி சொல்லியிருந்தார். கழிமுகத்தில் இறங்கும் காட்டுத் தாரா வாத்துகள் தூர தேசத்திலிருந்து கொண்டுவந்ததாம். அந்த ஒரு சொல் போதும், ஊரில் துவக்கு வைத்திருந்தவனெல்லாம் தாராக்களைச் சுடக் கழிமுகத்துக்கு ஓடிவிட்டான்.

"மனே," மாமி மைமூனா வாசலுக்கு வெளியே நின்று கூப்பிட்டா. "ஆதம்பாவா முதலாளி உசிரோட கிடக்கிற கோழியையெல்லாம் விலைக்கு எடுக்கிறாராம். லோஞ்சில அக்கரை டவுனுக்கு ஏத்துறாங்க. இதையும் குடுத்திரு. நாளைக்குச் செத்தா குழிதானே."

"எந்தக் கூட்டில ஏத்துறாங்க மாமி?"

"அவர்ட கூட்டிலதான். கந்தளாய்க் கோழி வந்திறங்கின அதே கூடு. வேற எந்தக் கூட்டில?"

றஊப் தவிட்டைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். கதவைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டான். நடக்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஏறிக்கொண்டு வந்தது. அது என்னவென்று உடனே பிடிபடவில்லை, அவனுக்குக் கோபம் வந்து அவ்வளவு காலமாகிவிட்டது. பல்கீஸுக்குப் பேறுகாலக் காய்ச்சல் வந்தபோதும் எல்லாரும் இப்படித்தான் மேலே கையைக் காட்டினார்கள். பிள்ளையும் தங்கவில்லை. பேறு பார்த்தவர்கள் கை கழுவினார்களா என்று அவன் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான்.

துறையில் கூடுகள் அடுக்கியிருந்தன. பிரம்பு இடுக்குகளில் காய்ந்த எச்சம். உள்ளே பாதிக் கோழிகள் கழுத்தைத் தொங்கப்போட்டிருந்தன. பக்கத்தில் சுட்ட தாராக்கள் குவியலாகக் கிடந்தன. அந்த அதிகாரி கதிரையில் சாய்ந்திருந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி!" ஆதம்பாவா உரத்துச் சொன்னார். "சங்கத்துக் கிளாக்கர் அரிசிக்கு மாதிரிக் கோழிக்கும் கூப்பன் எழுத வந்திட்டார்டா!"

கூலிகள் சிரித்தார்கள்.

"முதலாளி, இந்தக் கூடுகள் கந்தளாய்ப் பக்கத்தால நோய்க்கோழியோட வந்து இறங்கின பிறகுதான் துறையடியில முதல் கோழி செத்தது. கூட்டைக் கழுவினது கழிமுகத்தில. அதுக்குப் பிறகுதான் தாரா செத்து மிதந்தது. தாரா எங்களுக்குத் தரல்ல. நீங்கதான் தாராவுக்குக் குடுத்தீங்க."

ஆதம்பாவா அதிகாரியின் பக்கம் கையை நீட்டினார்.

"ஐயாவே பறவைதான் என்டு சொல்லிட்டார். நீங்க அவரை விடப் படிச்ச ஆளோ?"

"மேலிடத்துக்கு அறிவிச்சாச்சு தம்பி," என்றார் அதிகாரி, இளநீரைக் கீழே வைக்காமலே. "இனி அதைக் கதைச்சு என்ன பலன்?"

"இதுகள அக்கரைக்கு ஏத்தினா அங்கயும் சாகுமே ஐயா. அங்க ஆக்கள்ட வளவில கோழி இல்லையா?"

"அது அக்கரைக்காரன்ட பாடு," என்றார் ஆதம்பாவா.

றஊப் கூட்டைப் பிடித்து இழுத்தான். மறுபக்கம் ஒரு கூலி இழுத்தான். பிரம்பு முறிந்தது. கோழிகள் அவன் மார்பிலும் தோளிலும் விழுந்து, சிறகடித்து, கழிந்து, துறைப் பலகையில் சுருண்டன. அவன் கத்திக்கொண்டிருந்தான். தன் குரலை அவனே பல மாதங்களுக்குப் பிறகு கேட்டான்.

"விடுங்கடா அவர," ஆதம்பாவா இரக்கத்தோடு சொன்னார். "பாவம், மனிசி மவுத்தான நாளிலயிருந்து பொடியனுக்குத் தலை சரியில்ல."

மற்றக் கூடுகள் ஏறின. லோஞ்சு ஊதிக்கொண்டு புறப்பட்டது.

வீட்டுக்கு வந்து கொளுக்கியில் கை வைக்கப் போனவன் நின்றான். விரல்களுக்கிடையில் எச்சம். சட்டையில், சாரத்தில், தலைமயிரில். குதிக்காலில் ஒரு சின்னச் சிறகு ஒட்டியிருந்தது.

"என்ன மனே இது கோலம்?" மாமி ஓடி வந்தா.

"கிட்ட வராதீங்க மாமி."

சட்டையைக் கழற்றித் தூர எறிந்தான். சாடியில் தண்ணீர் அள்ளித் தலையில் ஊற்றினான். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தான். மறுபடி ஊற்றினான். மணம் போகவில்லை, அல்லது போனது அவனுக்குத் தெரியவில்லை. எவ்வளவு தண்ணீர் போதும் என்று எந்தப் புத்தகத்திலும் அவன் படித்திருக்கவில்லை.

உள்ளே கோழி கூப்பிட்டது. அடைக்கோழியின் குரலல்ல, அடியில் எதுவோ அசையும்போது தாய் எழுப்பும் தாழ்ந்த குரல். அதற்குக் கீழே, மிக மெல்லியதாக, இன்னொன்று.

"மனே, குஞ்சு பொரிக்குது," என்றா மாமி. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கதவுக்கு இவ்வளவு கிட்ட வந்திருந்தா. கை கொளுக்கிக்கு நீண்டது. பிறகு அந்தக் கையைத் தானே திருப்பிப் பார்த்தா. கோழிகளைப் புதைத்த மண் நகத்துக்குள் இன்னும் இருந்தது.

அவன் கதவை விட்டு விலகி நின்று சாடியைச் சரித்தான். அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. அதை மாமியின் கைகளில் ஊற்றினான்.