ஐந்தாம் கேள்வி

பெட்டி மூடியின் தலைமாட்டுப் பக்கத்தை இழைத்துக்கொண்டிருந்த அல்போன்ஸ் நிமிராமலேயே இடது கையைப் பின்னால் நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது. அந்தப் பட்டறையில் அதற்கு அர்த்தம் உப்புத்தாள். மூடிய முஷ்டி என்றால் கொட்டாப்புளிச் சுத்தியல், இரண்டு விரல் என்றால் உளி. பதினெட்டு வருஷமாக அந்தக் கை நீளும்போதெல்லாம் கேட்டது கேட்டபடி வந்து உட்கார்ந்துவிடும். இன்று பட்டறை ஆள் வெள்ளைச்சாமி அவசரமாக ஓடிவந்து ஓர் உளியை வைத்தார். அல்போன்ஸ் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கீழே வைத்துவிட்டு, தானே போய் உப்புத்தாளை எடுத்துவந்தார்.

அவர் மகள் சுபிதா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைக்குப் பதில் சொல்லத் தெரிந்தவன் பத்தடி தள்ளி வீட்டுக்குள் குளிர்பெட்டியில் கிடந்தான். டெர்வின், அவளுடைய அண்ணன். முப்பத்தாறு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் கிடையாது. எலிக்காய்ச்சல் என்றார்கள், நாலே நாள், நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. இன்று நாலு மணிக்கு சௌல்தாரிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

காலையில் வெள்ளைச்சாமி தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தார். "மேஸ்திரி, டவுன்ல ரெடிமேடாவே பெட்டி கிடைக்கும். போன் போட்டா வண்டியில ஏத்திருவாங்க."

"என் மவனுக்குக் கடைப்பெட்டியா?" என்று மட்டும் கேட்டார் அல்போன்ஸ். யாரோ சாப்பாட்டு மேஜைக்குச் சொல்லி வைத்திருந்த படாக் மரப் பலகைகளை இறக்கினார். மெஷினில் கை வைக்கவில்லை. விடிந்ததிலிருந்து கை இழைப்புளிதான் ஓடியது, சிவப்புச் சுருள்கள் முழங்கால்வரை குவிந்து கிடந்தன. வீட்டுக்குள் அம்மா அமுதமும் மற்றப் பெண்களும் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மணிக்கு ஒருதரம் அம்மாவின் குரல் மட்டும் உடைந்து நின்றுபோகும். மற்றவர்கள் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவார்கள்.

சுபிதா அழவில்லை. அழ வேண்டிய இடத்தில் அவளுக்கு வேறு ஒன்று உட்கார்ந்திருந்தது.

ஒரு தொண்டு நிறுவனத்துக்காக அவள் கணக்கெடுப்பு வேலை பார்த்தாள். மூன்று பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை, பட்டறை, ஹோட்டல் என்று அறுபது இடங்கள். மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு வைத்திருக்கிறீர்களா, வைப்பீர்களா, இல்லையென்றால் ஏன் என்று முதலாளிகளைக் கேட்டு, தீவின் பொது மொழியான இந்தியில் அச்சிட்ட படிவத்தில் நிரப்ப வேண்டும். அபர்டீன் பஜாரில் அவள் ஏறாத படி இல்லை. "நம்ம கடையில மாடி ஏறணுமே மேடம்" என்பார் ஒருவர். "எனக்கு ஒண்ணுமில்ல, கஸ்டமர்தான் ஒரு மாதிரி பாப்பாங்க" என்பார் இன்னொருவர். ஆனாலும் முப்பத்தேழு பேர் "வந்தால் கட்டாயம் வைப்போம்" என்று சொன்னார்கள். சொல்வதற்குக் காசா பணமா? அந்த முப்பத்தேழு கடையில் ஒரு கடையிலாவது அப்படி ஒரு ஆள் ஏற்கெனவே வேலையில் இருந்தாரா என்றால், இல்லை.

பட்டியலில் அப்பாவின் பட்டறையும் இருந்தது. வெள்ளைச்சாமியையும் இரண்டு பெங்காலி ஆட்களையும் சேர்த்து மூன்று பேர், சட்டப்படி சரி. மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு மத்தியானம் அவள் படிவத்தோடு பட்டறைக்குள் வந்து, "சார், அஞ்சு நிமிஷம்" என்றாள். அப்பா சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"அஞ்சாவது கேள்வி. தற்போது உங்களிடம் மாற்றுத்திறனாளி யாராவது வேலை செய்கிறார்களா?"

"இல்ல."

"அப்பா, அண்ணன்?"

"அவன் என் மவன்லா. அவன வேலக்காரன்னு எழுதுவியோ? பிச்சுருவேன்."

அவளும் சிரித்தாள். 'இல்லை'யில் டிக் போட்டாள். "ஆறாவது. இனிமே வைப்பீங்களா?"

"சரிவராதுட்டி. மெஷின் ஓடுற எடம். காது கேக்காதவன நம்பி எப்படி விடுறது?"

அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். மூன்றடி தள்ளி வட்ட ரம்பத்தில் டெர்வின் பலகை அறுத்துக்கொண்டிருந்தான். சொன்னவருக்கும் உறைக்கவில்லை, எழுதியவளுக்கும் உறைக்கவில்லை. தினமும் பார்க்கிற முகத்துக்கு 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் பொருந்தும் என்றே அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

இரண்டு நாள் கழித்துப் படிவங்களைப் பிரித்து அடுக்க உட்கார்ந்தபோது டெர்வினும் வந்து உட்கார்ந்தான். அவன் படித்தது இந்திப் பள்ளிக்கூடம். வேலைக்கு வைப்பீர்களா என்ற ஆறாவது கேள்விக்கு 'ஆம்' ஒரு கட்டு, 'இல்லை' ஒரு கட்டு. கடைகளின் பெயர்களைப் பார்த்துச் சிரித்தபடி மளமளவென்று அடுக்கினான். படிவங்களை வெளியாள் யாருக்கும் காட்டக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அண்ணன் வெளியாளா என்ன என்று அவள் நினைத்தாள். அப்பாவின் படிவம் வந்தபோது அவன் கை நின்றது. ஆறாவது பதிலின்மேல் விரலை வைத்து ஒருமுறை படித்தான், மறுபடி படித்தான். அவளைப் பார்த்தான். அவள் "அது சும்மா" என்று கையை ஆட்டினாள். அவன் தலையாட்டிவிட்டு அதை 'இல்லை' கட்டில் வைத்து, விளிம்பைத் தட்டிச் சரிசெய்து, ரப்பர் பேண்ட் போட்டான்.

அதற்கடுத்த இரண்டு நாள் அவன் பட்டறைக்கு வரவில்லை. கோயிலுக்குப் போடும் சட்டையை மாட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினான். சாயங்காலம் தொப்பலாக நனைந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது. "தொரைக்கு லீவு வேணுமோ" என்று அப்பா முணுமுணுத்தார். மூன்றாம் நாள் அவன் பழையபடி ரம்பத்தின் முன்னால் நின்றான். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது.

பன்னிரண்டு மணி வாக்கில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கையில் மாலையோடு இறங்கிய பெண்ணைச் சுபிதாவுக்கு அடையாளம் தெரிந்தது. பஜாரில் சோபா ஷோரூம் வைத்திருக்கும் ரூபா. வீட்டுக்குள் போய் மாலையைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரத்தில் பட்டறைப் பக்கம் வந்தாள்.

"போன்ல சாவுச் சேதியோட போட்டோ வந்துச்சும்மா. பாத்ததும் பக்குனு ஆயிருச்சு. நம்ம கடைக்கு வந்த ஆளாச்சேன்னு."

"எங்கண்ணனா? உங்க கடைக்கா?"

"நீ படிவம் எழுதிட்டுப் போய் ஒரு வாரம் இருக்கும். கொட்டுற மழை. நனைஞ்சுகிட்டே வந்து இத நீட்டுனாரு." கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். "எடுத்து வச்சிருந்தேன். தூக்கிப்போட மனசு வரல."

இந்தியில் நுணுக்கி எழுதிய கையெழுத்து. 'ஆம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மேஜை, நாற்காலி, கதவு, பாலிஷ் எல்லாம் தெரியும். மெஷினும் தெரியும், பதினெட்டு வருஷமாக ஒரு விரலும் போனதில்லை. வேலை கொடுங்கள்.'

"நான் அடுத்த மாசம் பாக்கலாம்னு கையால காட்டுனேன்" என்றாள் ரூபா. "கும்பிட்டுட்டுப் போனாரு. எதிர்க்கடைக்கும் போயிருக்காரு, அங்கயும் பாத் மே, பாத் மே, அப்புறம் பாக்கலாம்னுதான். சச்சி, உண்மையச் சொல்றேன்மா, படிவத்துல நான் ஹான், ஆமான்னு சொன்னது, அப்படிச் சொன்னா நல்லாருக்குமேன்னுதான். நெஜமாவே ஒருத்தர் வந்து நிப்பாருன்னு நெனக்கல." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இழைப்புளியின் சத்தம் எப்போது நின்றதென்று சுபிதா கவனிக்கவில்லை. அப்பா பின்னால் நின்றிருந்தார்.

"அத இங்க குடு."

நாற்பது வருஷத் தீவு வாழ்க்கையில் அவருக்கும் இந்தி படிக்க வரும். எழுத்துக் கூட்டி, உதடு அசைய, கடைசிவரை படித்தார். ரூபா சொல்லிக்கொள்ளாமல் ஆட்டோவுக்குப் போய்விட்டாள்.

"எங்கிட்ட இருந்து எதுக்குட்டி வேற எடத்துக்குப் போனான்?"

சுபிதா பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததே போதும் என்று தோன்றியது. "நம்ம படிவத்தப் படிச்சுட்டான்பா."

"அதுல என்ன எழுதின?"

"நீங்க சொன்னதத்தான்."

அவர் நினைவில் தேடுவது முகத்தில் தெரிந்தது. கண்டுபிடித்ததும் தெரிந்தது. பக்கத்திலிருந்த பலகையைப் பிடித்துக்கொண்டார். "அவனுக்குக் கேக்காதுல்லான்னுதான…" என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

"நாந்தான்பா அவன் கையில குடுத்தேன்" என்றாள் சுபிதா. "மழத்தண்ணியில நடந்தா கால் புண்ணு வழியா வரும்னு டாக்டர் சொன்னாரு. நான் குடுக்கலேன்னா அவன் போயிருக்க மாட்டான்."

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மூடியின் பக்கம் திரும்பினார்.

"அந்தப் படிவம் இருக்கா? எடுத்துட்டு வா."

படிவங்களை மாசக் கடைசியில்தான் கட்டி அனுப்புவார்கள். அவள் தன் பையிலிருந்து 'இல்லை' கட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அஞ்சாங் கேள்வியக் கேளு."

"அப்பா…"

"கேளுட்டி."

"தற்போது…" என்று தொடங்கியவள் அந்தச் சொல்லிலேயே நின்றாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். "தற்போது உங்களிடம் மாற்றுத்திறனாளி யாராவது வேலை செய்கிறார்களா?"

"ஒருத்தன்."

அடித்துத் திருத்திய படிவம் செல்லாது. இன்றைய தேதிக்கு அந்தப் பதிலும் செல்லாது. இரண்டும் அவளுக்குத் தெரியும். 'இல்லை'யை அடித்தாள். 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டு, எண்ணிக்கை என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினாள்.

"பேரு எழுதிட்டியா?"

"பேருக்கு எடம் இல்லப்பா."

"ஓரத்துல எழுது."

எழுதினாள். "என்ன வேலை செய்கிறார்?"

அல்போன்ஸ் உள்ளங்கையை மூடியின்மேல் வைத்து மெல்லத் தடவிக்கொண்டே பேசினார். "ரம்பம் அவந்தான். பிளேடு மழுங்குனா எனக்குச் சத்தத்துல தெரியும், அவனுக்குப் பலகையில கைய வச்சாலே தெரியும். எனக்கு முன்னாடி சொல்லிருவான். கதவுக்குக் கீல் வைக்கது அவன். பாலிஷ் முழுக்க அவன். நான் ஆச்சுன்னு சொன்ன சாமான அவன் ஒருக்கா தடவிப் பாத்து ஆகலம்பான். நாலு விரலால தட்டுவான் பாரு, இங்கன்னு. அவன் சரின்னா அப்புறந்தான் வண்டியில ஏறும்."

படிவத்தில் அதற்கு ஒரே ஒரு வரிதான் விட்டிருந்தார்கள். சுபிதா அடுத்த கேள்வியின் கட்டத்திலும், பிறகு ஓரத்திலும், பிறகு தாளைத் திருப்பியும் எழுதினாள். மரத்தூள் பேனா முனையில் ஒட்டிக்கொண்டு எழுத்து திப்பித்திப்பியாக விழுந்தது. வீட்டுக்குள் செபம் முடிந்து பாட்டு ஆரம்பமாகியிருந்தது.

அப்பாவின் பேச்சு நின்றது. தலைமாட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கை ஓரிடத்தில் தங்கி, முன்னும் பின்னுமாகப் போய், மறுபடி அங்கேயே வந்தது. அவர் குனிந்தார். இடது கை தன்பாட்டுக்குப் பின்னால் நீண்டது. உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது.

வெள்ளைச்சாமி ஓரடி வைத்துவிட்டு நின்றுகொண்டார்.

சன்னல் கம்பியில் டெர்வின் மூன்றாக மடித்துச் சொருகி வைத்திருந்த உப்புத்தாள் இருந்தது, பாதி தேய்ந்தது. சுபிதா படிவத்தைக் கீழே வைத்துவிட்டு, அதை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. விரல்கள் மூடிக்கொண்டன, கை முன்னால் போனது, தேய்க்கத் தொடங்கினார்.