மார்ச் மாதத்து எரிபொருள்

டோர்க்னி பர்ஸ்ட்ரோம் இருபத்திரண்டு வருடங்களில் ஓர் இன்ஜினைக்கூடச் சாகடித்ததில்லை. வடக்குப் பனிப்பிரதேசத்துப் பீத்தியோ வட்டாரத்தில், இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவைப் பழைய காருக்கு மாட்டுகிறவர்கள் கடைசியில் அவனிடம்தான் வந்து நிற்பார்கள். லேப்டாப்பைக் காரோடு இணைத்து, எந்த வேகத்தில் எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு எரிபொருள் என்று அட்டவணை போட்டுக் கொடுப்பான். இது பிழைப்பு இல்லை. பிழைப்புக்கு நகராட்சித் தண்ணீர் நிலையம் இருந்தது. இது பெருமைக்கு. அந்தப் பெருமை கொஞ்சம் கூடுதல்தான் என்று அவன் தங்கையே முகத்துக்கு நேரே சொல்வாள்.

தங்கை மாய்கென் காகிதக்கூழ் ஆலையில் வெல்டர். பதினொரு வருடமாக ஏணி, வேலி, தளத்தகடு என்று ஒட்டிக்கொண்டிருந்தவளை ஆலையின் நீராவிக் குழாய்களுக்கு எடுத்துக்கொள்வதாக ஃபோர்மன் சொல்லியிருந்தார். அதற்கு ஜூன் மாதத்தில் ஒரு தேர்வு. நீராவிக் குழாய் விட்டுப்போனால் பக்கத்தில் நிற்கிறவன் வெந்துபோவான், அதனால் யாரையும் அவ்வளவு லேசில் அதில் கைவைக்க விடமாட்டார்கள்.

அந்தத் தேர்வுக்குக் கைப்பழக்கம் என்று சொல்லிக்கொண்டுதான் அவள் தன் 1989 பி.எம்.டபிள்யூவுக்கு டர்போ கட்ட ஆரம்பித்தாள். ஆறு சிலிண்டரும் வரிசையாக நிற்கும் நீள இன்ஜின். டர்போ, உடைப்புக்கு வந்த ஒரு லாரியிலிருந்து கழற்றியது. ஆறு சிலிண்டரின் புகையையும் ஒன்றுசேர்த்து டர்போவில் கொண்டுபோய் விடும் மேனிஃபோல்டைக் கடையில் வாங்காமல், துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களை வெட்டி வளைத்து அவளே வெல்டு செய்தாள். மூன்று குளிர்காலம் அதற்கே போயிற்று.

கார்ப் பித்தர்கள் வியாழக்கிழமைதோறும் கூடும் கிளப்பில் கொண்டுவந்து காட்டியபோது ரூனே மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். ரூனே கிளப்பின் வாய்.

"என்னது இது, குடல் மாதிரி சுத்திச்சுத்திப் போகுது?"

"உன் குடலைவிட ஒழுங்காத்தான் போகுது ரூனே. காப்பியைக் குடி."

மார்ச் நடுவில் டோர்க்னி அதற்கு அட்டவணை போட்டான். வெளியே பனி இடுப்பளவு கிடந்தது. நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழலவிட்டுத் திறனை அளக்கும் உருளை மேடையை வாடகைக்கு எடுத்து, அதில் காரை ஏற்றி, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, கடைசியில் நானூற்றுப் பத்து குதிரைத்திறன் என்று திரையில் வந்ததும் அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு காரை மூடி வைத்தார்கள். பனி உருகுவதற்காகச் சாலையில் கொட்டிய உப்பைக் கூட்டி அள்ளும்வரை, அதாவது மே மாதம்வரை, அந்த ஊரில் யாரும் கோடைக் காரை வெளியே எடுப்பதில்லை.

அங்கேதான் வினை காத்திருந்தது. அவர்கள் ஊற்றுவது எத்தனால் கலந்த எரிபொருள். பம்பில் வருடம் முழுக்க ஒரே பெயர்தான் எழுதியிருக்கும். ஆனால் குளிரில் வண்டி கிளம்புவதற்காகக் குளிர்காலத்தில் பெட்ரோலைக் கூட்டி எத்தனாலைக் குறைத்துவிடுவார்கள். கோடையில் எத்தனால் ஏறும். எத்தனால் ஏறினால் இன்ஜினுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் காற்று மிஞ்சி, சூடு ஏறி, பிஸ்டன் உருகும். மார்ச்சில் அட்டவணை போட்ட காரை மே மாதத்தில் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பது டோர்க்னி மற்றவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம்.

மே பதினேழாம் தேதி காலையில் மாய்கென் பம்பில் நின்றபடி அவனுக்குப் போன் செய்தாள்.

"டேங்க் நிரப்பிட்டேன். நீ ஏதாவது மாத்தணுமா?"

அவன் வாயில் ரொட்டித்துண்டு இருந்தது. "நான் போட்டது போட்டதுதான். தொடவேண்டாம், வா."

கைவிட்ட விமானதளத்தின் ஓடுபாதையில் மூன்றாவது ஓட்டத்தில், கார் நல்ல வேகத்தில் இருக்கும்போது, பின்னால் வெண்புகை கிளம்பியது. டோர்க்னி பக்கத்து இருக்கையில் மடியில் லேப்டாப்போடு இருந்தான். புகை வருவதற்கு ஒரு நொடி முன்னால் திரையில் காற்று மிஞ்சுவதைக் காட்டும் எண் ஏறியதைப் பார்த்தான். எரிபொருள் போதவில்லை. மார்ச் மாதத்து அட்டவணை என்ற நினைப்பு அப்போதே வந்துவிட்டது.

காரை இழுத்துவந்து இன்ஜின் மூடியைத் திறந்தபோது மேனிஃபோல்டின் ஐந்தாவது குழாயில், வெல்டிங்கின் ஓரமாக, கரி படிந்த ஒரு விரிசல் தெரிந்தது. எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். ரூனே விரலை நீட்டினான்.

"இதோ இருக்கு பாரு. வீட்டுல அடிச்ச வெல்டிங். புகை இங்க கசிஞ்சா, அதை அளக்கற சென்சார் தப்பாத்தான காட்டும்? அதை நம்பி இவன் என்ன கணக்குப் போட்டும் என்ன பிரயோஜனம்? என்னப்பா டோர்க்னி, அப்படித்தானே?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். மாய்கெனும் பார்த்தாள்.

"இருக்கலாம்," என்றான் டோர்க்னி.

அந்த ஒரு சொல்லோடு அவன் பெயர் பிழைத்தது, தங்கையின் பெயர் போயிற்று.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. செத்த இன்ஜினின் உடைந்த பாகத்தை அலமாரியில் வைத்து, ஏன் செத்தது என்று காரின் சொந்தக்காரரே ஓர் அட்டையில் எழுதி வைக்க வேண்டும். பொய் எழுதக்கூடாது; அது ஒன்றுதான் விதி. அடுத்த வியாழக்கிழமை மாய்கென் நடுவில் பொத்தலாகிப்போன பிஸ்டனைக் கொண்டுவந்து வைத்தாள். அட்டையில் "என் வெல்டிங் தாங்கவில்லை. மாய்கென்" என்று எழுதினாள். அவள் எழுதும்போது டோர்க்னி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை டோர்க்னி அவள் வீட்டுக்குப் போனபோது ஷெட்டில் விளக்கு எரியவில்லை. சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஃபோர்மன்கிட்ட சொல்லிட்டேன். தேர்வுலேர்ந்து என் பேரை எடுத்துடுங்கன்னு."

"எதுக்கு? கார் வேற, ஆலை வேற."

"குழாய் குழாய்தான். கார்ல விட்டுச்சு, ஒரு பிஸ்டன் போச்சு. அங்க விட்டா ஒரு ஆள் போவான். கண்ணை மூடினா அந்த விரிசல்தான் தெரியுது டோர்க்னி."

சொல்லிவிடலாம் என்று அவன் வாயெடுத்தான். சொன்னால் இருபத்திரண்டு வருடம் ஒரு நொடியில் போய்விடும். ரூனே அதைப் பக்கத்து நகரமான லூலியோ வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பான். "அவசரப்படாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தான். கோழை. வேறு சொல் இல்லை அதற்கு. அவனே தன்னை அப்படித்தான் திட்டிக்கொண்டான், திட்டிக்கொண்டே பத்து நாளை ஓட்டினான். சோறும் தூக்கமும் சரியாக இல்லை. தண்ணீர் நிலையத்தில் ஒரு வால்வைத் தப்பாகத் திறந்து அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஜூன் முதல் வியாழக்கிழமை கிளப்புக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். ரூனே அவருக்கு அலமாரியைச் சுற்றிக் காட்டினான். காப்பி ஊற்றும் முறை அன்று மாய்கெனுடையது. பாத்திரத்தோடு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"இது நம்ம மாய்கெனோடது. அருமையான பொண்ணு. ஆனா பாருங்க, வெல்டிங்னு ஒண்ணை வீட்டுல அடிச்சா இதுதான் கதி. நல்லவேளை, ஆலைத் தேர்வுலேர்ந்து விலகிட்டா, ஆலைக்காரங்க பொழைச்சாங்க போங்க."

மாய்கென் ரூனேயின் கோப்பையிலும் ஊற்றிவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள். டோர்க்னியால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்த அட்டையை எடுத்தான்.

"இது பொய்," என்றான். "வெல்டிங்ல ஒரு குறையும் இல்லை. நான் மார்ச்ல குளிர்கால எரிபொருளுக்குப் போட்ட அட்டவணை. மே மாசம் அவ போன் பண்ணிக் கேட்டா, மாத்தணுமான்னு. வேண்டாம்னு சொன்னேன். சூடு ஏறி பிஸ்டன் போச்சு, அந்தச் சூட்டுலதான் குழாயும் விட்டுச்சு."

ரூனே மெதுவாகக் கேட்டான்.

"அன்னைக்கு நான் கேட்டப்போ இருக்கலாம்னு சொன்னியே. உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"நீ கேக்கறதுக்கு முன்னாடியே தெரியும்."

அட்டையின் பின்பக்கம் "குளிர்கால அட்டவணை. தவறு என்னுடையது. தெரிந்தே மறைத்தேன். டோர்க்னி" என்று எழுதி பிஸ்டனுக்கு அடியில் வைத்தான். சனிக்கிழமைக்கு அவனிடம் கார் கொண்டுவருவதாக இருந்த ஒருவன் காப்பியைப் பார்த்தபடியே, "சனிக்கிழமை எனக்குத் தோதுப்படாது டோர்க்னி," என்றான். ரூனேயே வாயடைத்துப் போனதுதான் டோர்க்னிக்கு மிகவும் வலித்தது.

வெளியே சாயங்கால வெயில் சுள்ளென்று அடித்தது. வண்டி நிறுத்துமிடத்தில் மாய்கென் தன் வேனில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"ஃபோர்மன்கிட்ட நானே வந்து பேசறேன்," என்றான். "உன் பேரைத் திரும்பச் சேக்கச் சொல்றேன்."

"சேத்தாச்சு. போன வாரமே."

அவனுக்குப் புரியவில்லை.

"ஆலையில அந்தக் குழாயை நெடுக்கா அறுத்துப் பாத்தேன். தேச்சு, ஆசிட் தடவிப் பாத்தேன். விரிசல் உள்பக்கம் வளைவுல ஆரம்பிச்சிருக்கு. என் வெல்டுக்குக் கடைசியிலதான் வந்து சேந்திருக்கு. அப்படின்னா எதுக்கு அவ்வளவு சூடுன்னு யோசிச்சேன். நீ அட்டவணை போட்ட தேதியைப் பாத்தேன். அவ்வளவுதான்."

"ஒரு வாரமா தெரியுமா உனக்கு?" டோர்க்னியின் முகம் வெளிறியது. "தெரிஞ்சும் அவன் அப்படிப் பேசறதைக் கேட்டுக்கிட்டு காப்பி ஊத்தினியா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"அதுக்குத்தான் கேக்கல. நீயா சொல்றியான்னு பாத்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கப் பார்த்தான், முடியவில்லை. முகத்தை நிமிர்த்தாமலே கேட்டான்.

"நான் சொல்லாமலே விட்டிருந்தா?"

"தேர்வு எழுதியிருப்பேன். இன்ஜினையும் திரும்பக் கட்டியிருப்பேன்," என்றாள் மாய்கென். "எனக்கு அண்ணன்னு ஒருத்தன்தான் இல்லாம போயிருப்பான்."

சொல்லிவிட்டு வேனின் கதவைத் திறந்து, பக்கத்து இருக்கையில் கிடந்த கையுறைகளையும் வெல்டிங் கம்பிக்கட்டையும் எடுத்துப் பின்னால் போட்டாள். அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.